செய்ஜி ஒகாவா எஃப்எம்ஆர்ஐ-க்கு எப்படி வந்து சேர்ந்தார்?

"எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன், மூளை எம்ஆர்ஐ ஆராய்ச்சிக்குப் போக ஆசை. எஃப்எம்ஆர்ஐ-யின் அடிப்படையைக் கண்டவர் செய்ஜி ஒகாவா என்கிறார்கள். அவர் மூளை அறிவியல் படித்தவரா? சரியாக எதைக் கண்டார்? அந்தத் துறைக்குப் போக நான் எதைப் படிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எஃப்எம்ஆர்ஐ என்பது மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் எம்ஆர்ஐ முறை. ஒகாவா மூளை அறிவியல் படித்தவர் இல்லை. பயன்பாட்டு இயற்பியலில் பட்டம் வாங்கினார், வேதியியலில் முனைவர் ஆனார், பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஹீமோகுளோபினோடும் உயிரணுக்களின் வளர்சிதை மாற்றத்தோடும் இருந்தார். எலி மூளையின் படத்தில் அவர் கண்டது இரத்தத்திலுள்ள ஒரு புரதத்தின் காந்த குணத்தை. அந்தப் புரதத்தோடு அத்தனை காலம் பழகியவர் என்பதால்தான் பார்த்ததும் அவருக்குப் பிடிபட்டது. இதைப் புரிந்துகொண்டால் இன்றைய எஃப்எம்ஆர்ஐ எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்பதும் பாதி புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் பின்னாலிருந்தே சொல்கிறேன்.

ஒகாவா 1934-இல் டோக்கியோவில் பிறந்தார். 1957-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பட்டம். பிறகு அமெரிக்கா போய், பிட்ஸ்பர்க்கின் மெலன் நிறுவனத்தில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, ஸ்டான்ஃபோர்டில் ஹார்டன் மெக்கானலிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். முனைவர் பட்டம் 1967-இல். மெக்கானலின் ஆய்வகத்தில் அப்போது புதிதாக வளர்ந்துகொண்டிருந்த உத்தி 'ஸ்பின் லேபிள்'. இணையற்ற (அதாவது ஜோடி சேராத) ஓர் எலக்ட்ரான் உள்ள சிறு மூலக்கூறைப் புரதத்தின் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டவைத்து, அந்த எலக்ட்ரானின் ஒத்ததிர்வு நிறமாலையைப் பார்ப்பார்கள். ஒட்டிய இடத்தில் நெருக்கடி கூடினாலோ குறைந்தாலோ நிறமாலைக் கோடுகளின் வடிவம் மாறும். ஹீமோகுளோபினில் ஒட்டுவதற்கு வாகான இடம் பீட்டா சங்கிலியின் 93-ஆவது அமினோ அமிலமான சிஸ்டீன். ஆக்சிஜன் ஏற ஏற புரதத்தின் வடிவம் எப்படி மாறுகிறது என்பதை அந்த ஒரு புள்ளியிலிருந்து படித்தார்கள். ஒகாவாவின் முதல் பெரிய வேலை இதுதான்.

1968-இல் நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்துக்குப் போனார். ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகம் இரத்தப் புரதத்தை ஏன் ஆராய்ந்தது என்று தோன்றலாம். அடிப்படை அறிவியலுக்கு அந்த அளவு இடம் கொடுத்த காலம் அது. அங்கே ராபர்ட் ஷுல்மன் உயிர் இயற்பியல் குழு ஒன்றை நடத்தினார். ஒகாவா அதில் முதலில் ஹீமோகுளோபினை, எம்ஆர்ஐ-க்கும் அடிப்படையான அணுக்கரு காந்த ஒத்ததிர்வால் ஆராய்ந்தார். 1970-களின் பிற்பகுதியில் குழு உயிருள்ள செல்களுக்கு நகர்ந்தது. ஈ.கோலை பாக்டீரியாவையும் புற்றுச் செல்களையும் குழாயில் உயிரோடு வைத்து, உள்ளே இருக்கும் பாஸ்பரஸின் சமிக்ஞையிலிருந்து செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி எவ்வளவு, அமில நிலை என்ன என்று அளந்தார்கள். செல்லை உடைக்காமலே அதன் வேதியியலைப் படிக்கும் பழக்கம் அங்கேதான் வேரூன்றியது. அந்தக் குழுவில் முனைவருக்குப் பிந்தைய ஆய்வாளராக இருந்த காமில் உகுர்பில் என்ற இளைஞரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார். 1979-இல் ஷுல்மன் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஒகாவா பெல்லிலேயே இருந்தார்.

இப்போது அந்தப் புரதத்தின் காந்த குணம். லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியெல்லும் 1936-இலேயே அளந்து வெளியிட்ட விஷயம் இது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினில் இணையற்ற எலக்ட்ரான் இல்லை, அது டயா காந்தம் (காந்தப்புலத்தால் லேசாக விலக்கப்படுவது). ஆக்சிஜன் கழன்றதும் ஒவ்வொரு ஹீம் இரும்பிலும் நான்கு இணையற்ற எலக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன, அது பாரா காந்தம் (காந்தப்புலத்தால் ஈர்க்கப்படுவது). ஆகவே சிரை இரத்தம் தமனி இரத்தத்தைவிடக் காந்தப்புலத்தைக் கூடுதலாகத் தொந்தரவு செய்யும். 1982-இல் ஆக்ஸ்போர்டில் கீத் துல்போர்னும் கூட்டாளிகளும், இரத்தத்திலுள்ள நீரின் டி2 தளர்வு நேரம் (சமிக்ஞை மங்க ஆகும் நேரம்) ஆக்சிஜன் அளவோடு மாறுவதையும், புலம் ஏற ஏற அந்த மாற்றம் பெரிதாவதையும் காட்டினார்கள். அதாவது ஒகாவா தொடங்கும்போது துண்டுகள் எல்லாமே அச்சில் இருந்தன. அவற்றை உயிருள்ள மூளையின் படத்தோடு சேர்த்துப் பார்க்க ஆள்தான் இல்லை.

1980-களின் கடைசியில் ஒகாவா எலி, சுண்டெலி மூளைகளை 7 டெஸ்லா, 8.4 டெஸ்லா காந்தங்களில் படமெடுத்தார் (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு). மருத்துவமனைகளில் அப்போது 1.5 டெஸ்லாவே உயர்ந்த புலம். எலியைப் பென்டோபார்பிட்டல் மயக்கத்தில் வைத்து, புலத்தின் கலைவு படத்தில் அப்படியே தெரியும் கிரேடியன்ட் எக்கோ முறையில், 65 மைக்ரோமீட்டர் சதுரப் புள்ளிகளும் 700 மைக்ரோமீட்டர் தடிமனும் கொண்ட படங்கள் எடுக்கப்பட்டன. அந்தப் படங்களில் மூளை முழுக்கப் பெரிதும் சிறிதுமாகக் கறுப்புக் கோடுகள். வழக்கமான ஸ்பின் எக்கோ முறையில் எடுத்தால் அதே இடத்தில் அவை இல்லை. படத்தில் இப்படிக் கோடு வந்தால் கருவியைத்தான் முதலில் சந்தேகப்படத் தோன்றும். ஒகாவாவின் குழு எலி சுவாசிக்கும் வாயுவை மாற்றிப் பார்த்தது. இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்தால் கோடுகள் மறைந்தன. ஆக்சிஜன் அற்றுப்போன மூளையில் மிக அழுத்தமாகத் தெரிந்தன. ஹீமோகுளோபினோடு கார்பன் மோனாக்சைடு சேர்ந்திருந்தபோதும் கோடுகள் இல்லை. கடைசிச் சோதனைதான் முடிச்சை அவிழ்த்தது. கார்பன் மோனாக்சைடு உயிருக்கு உதவாது, ஆனால் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைப் போலவே டயா காந்தமாக்கும். ஆகக் கோடுகளைத் தீர்மானிப்பது இரும்பின் எலக்ட்ரான் நிலைதான் என்று உறுதியானது. ஒரு ஹீமோகுளோபின் வேதியியலாளருக்கே தோன்றக்கூடிய சோதனை அது.

இன்னொரு சோதனையை மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மெல்லிய குழாய்களில் ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தையும் கழன்ற இரத்தத்தையும் நிரப்பி, உப்புநீரில் வைத்துப் படமெடுத்தார்கள். கிரேடியன்ட் எக்கோவில், ஆக்சிஜன் கழன்ற குழாயின் கறுப்பு குழாய்ச் சுவரோடு நிற்காமல் வெளியே இருக்கும் நீருக்குள்ளும் பரவியது. இரத்த நாளம் ஒரு சிறு காந்த உருளை மாதிரி நடந்துகொண்டு, சுற்றியுள்ள புலத்தைக் கலைக்கிறது. ஒரே புள்ளிக்குள் இருக்கும் நீரின் ஹைட்ரஜன் கருக்கள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று, கட்டம் பிசகி, அவற்றின் சமிக்ஞைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஸ்பின் எக்கோவின் 180 பாகை ரேடியோத் துடிப்பு இந்தப் பிசகைத் திருப்பிச் சரிசெய்துவிடும், அதனால் கோடு தெரியாது. நாளம் காந்தப்புலத்துக்கு இணையாகக் கிடந்தால் வெளிப்புலம் கலைவதில்லை. குறுக்கே கிடந்தால் கலைவு உச்சம். மூளைத் திசுவில் இரத்தம் சில சதவீதம்தான். இருந்தும் திசுவின் சமிக்ஞையே மாறுவதற்கு இந்த வெளிப்பரவலே காரணம். குழாய்ப் படத்தை மனதில் வைத்திருப்பவர் எஃப்எம்ஆர்ஐ-யில் எளிதில் ஏமாற மாட்டார்.

1990 டிசம்பரில் வந்த அடுத்த கட்டுரையில் ஒகாவா இதற்கு 'இரத்த ஆக்சிஜன் அளவைச் சார்ந்த வேறுபாடு' என்று பெயர் வைத்தார். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'போல்ட்' என்கிறோம். மயக்கமருந்தின் அளவு, இன்சுலின் கொடுத்து இரத்தச் சர்க்கரையை இறக்குவது, சுவாச வாயுவை மாற்றுவது என ஒவ்வொன்றையும் செய்து, மூளையின் தேவையோ இரத்த ஓட்டமோ மாறும்போது கோடுகளும் மாறுவதைக் காட்டினார். வெளியிலிருந்து மருந்து எதுவும் ஏற்றாமல் மூளையின் செயல்பாட்டைப் பார்க்கலாம் என்ற எண்ணம் அந்தக் கட்டுரையில் தெளிவாகவே இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 56.

இங்கே ஒரு கேள்வி எழும். மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அது ஆக்சிஜனைச் செலவழிக்கும், ஆக்சிஜன் கழன்ற ஹீமோகுளோபின் கூடும், அந்த இடம் கறுக்கத்தானே வேண்டும்? நடப்பதோ நேர்மாறு. செயின்ட் லூயிஸில் பீட்டர் ஃபாக்ஸும் மார்கஸ் ரெய்க்லும், உடலில் செலுத்திய கதிரியக்கப் பொருளைப் பின்தொடரும் பெட் ஸ்கேனால் 1986-இல் இதற்கான விடையை அளந்திருந்தார்கள். தொடு உணர்வைத் தூண்டியபோது இரத்த ஓட்டம் 29% கூடியது, ஆக்சிஜன் செலவு 5% மட்டுமே கூடியது. நீங்களே கணக்குப் போடலாம். ஓய்வில் திசு ஆக்சிஜனில் 40% எடுத்துக்கொள்வதாக வையுங்கள். வேலை செய்யும்போது எடுக்கும் பங்கு 40 × 1.05 ÷ 1.29, அதாவது சுமார் 32.6%. சிரையில் ஆக்சிஜன் கழன்ற ஹீமோகுளோபின் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் குறைகிறது, கலைவு குறைகிறது, படம் அந்த இடத்தில் வெளுக்கிறது. எஃப்எம்ஆர்ஐ முழுவதும் தேவைக்கு மேல் வரும் இந்த இரத்தத்தின் மேல்தான் நிற்கிறது.

அடுத்து மனித மூளை. ஒகாவாவின் உயர்புலக் காந்தங்கள் எலி நுழையும் அளவுதான். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் காமில் உகுர்பிலிடம் மனிதர் படுக்கக்கூடிய 4 டெஸ்லா கருவி இருந்தது. பழைய பெல் ஆய்வக உறவு இங்கே பயன்பட்டது. கண்ணுக்கு ஒளி காட்டி பார்வைப் புறணியை (மூளையின் மேலடுக்கில் பார்வைக்குரிய பகுதியை) பார்த்ததில் சமிக்ஞை 5 முதல் 20% வரை ஏறியது. அதை ஆக்சிஜன் விளைவு என்று நிறுவ அவர்கள் செய்த காரியம் எளிமையானது. எக்கோ நேரத்தை, அதாவது துடிப்பு கொடுத்ததிலிருந்து சமிக்ஞையைப் பதியும் வரையான நேரத்தை, 40 மில்லிவினாடியிலிருந்து 8-ஆகக் குறைத்தார்கள். ஏற்றமும் சதவீத அளவில் சுருங்கியது. புது இரத்தம் படமெடுக்கும் தளத்துக்குள் பாய்வதால் வந்த ஏற்றமாக இருந்தால் இப்படிச் சுருங்கியிருக்காது. இந்தக் கட்டுரை 1992 ஜூலையில் வெளியானது.

அதே வருடம் பாஸ்டனில் கென்னத் குவாங்கின் குழு 1.5 டெஸ்லாவில் பார்வைப் புறணியையும், மில்வாக்கியில் பீட்டர் பாண்டெட்டினியின் குழு விரல் தட்டும்போது இயக்கப் புறணியையும் காட்டின. இரண்டுமே மினசோட்டா கட்டுரைக்குச் சற்று முன்பே அச்சேறின. ஆகவே 'மனித எஃப்எம்ஆர்ஐ-யை ஒகாவா மட்டும் கண்டுபிடித்தார்' என்று எழுதுவது சரியில்லை. போல்ட் வேறுபாட்டைக் கண்டு, காரணம் விளக்கி, பெயரிட்டவர் அவர். மனிதரில் காட்டியது மூன்று குழுக்கள். எதிரொலித்தளப் படமெடுப்பு என்ற வேகமான முறையை பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் 1977-இலேயே முன்வைத்திருக்காவிட்டால் சில வினாடிக்கு ஒரு தரம் முழு மூளையையும் எடுக்கும் இன்றைய வேலை நடந்திருக்காது.

1993-இல் ஒகாவாவின் குழு வெளியிட்ட உயிர் இயற்பியல் மாதிரி இன்றும் படிக்கத் தக்கது. பெரிய சிரைகளைச் சுற்றிய விளைவு புல வலிமைக்கு நேர்விகிதமாக ஏறும். நுண்குழாய்களைச் சுற்றிய விளைவு ஏறத்தாழப் புலத்தின் வர்க்கமாக ஏறும். வேலை செய்யும் நரம்பணுக்களுக்குப் பக்கத்தில் இருப்பவை நுண்குழாய்கள். 7 டெஸ்லா மனிதக் கருவிகளுக்கு இவ்வளவு செலவழிப்பதன் முக்கிய நியாயங்களில் இது ஒன்று.

இனி இன்றைய ஸ்கேனுக்கு வருவோம். அந்த இயற்பியலை ஒரே வரியில் எழுதலாம்: சமிக்ஞை மாற்றத்தின் பின்னம் = எக்கோ நேரம் × தளர்வு வேகத்தின் (சமிக்ஞை மங்கும் வேகத்தின்) குறைவு. 3 டெஸ்லாவில் நல்ல காட்சித் தூண்டலுக்குத் தளர்வு வேகம் வினாடிக்கு சுமார் 1 குறையும். எக்கோ நேரம் 30 மில்லிவினாடி என்றால் 0.03 × 1, அதாவது 3%. எக்கோ நேரத்தை நீட்டினால் சதவீதம் கூடும், ஆனால் மொத்த சமிக்ஞை செத்துப்போகும். இரண்டுக்கும் சமரசம் எக்கோ நேரம் திசுவின் டி2 ஸ்டாருக்கு (புலக் கலைவையும் சேர்த்த தளர்வு நேரத்துக்கு) சமமாகும் இடத்தில் கிடைக்கிறது. நடைமுறையில் 1.5 டெஸ்லாவில் 50 மில்லிவினாடியை ஒட்டியும், 3 டெஸ்லாவில் 30, 7 டெஸ்லாவில் 20 முதல் 25 என்றும் வைக்கிறார்கள்.

தவறுகளும் இதே இயற்பியலிலிருந்து வருகின்றன. கண்குழிக்கு மேலுள்ள முன்மூளையின் அடிப்பகுதியிலும், காதுத் துளைக்கு மேலுள்ள பொட்டு மடலின் அடியிலும் படத்தில் ஓட்டை விழும். பக்கத்தில் காற்றறைகள் இருக்கின்றன, காற்றும் திசுவும் சந்திக்கும் இடத்தில் புலம் கடுமையாகக் கலைகிறது. இரத்த நாளத்தைச் சுற்றி நமக்கு வேண்டிய அதே கலைவுதான் இங்கே வேண்டாத அளவில் வருகிறது. வெட்டுத் தளத்தை மெலிதாக்கலாம், சாய்க்கலாம், எக்கோ நேரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். சமிக்ஞையே இல்லாத இடத்தைப் பிற்பாடு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. முடிவுப் படத்தில் அந்தப் பகுதி வெறுமையாக இருப்பதைப் பார்த்து 'அங்கே செயல்பாடு இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். பதப்படுத்தாத படத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தத் தவறு வராது.

தலை அசைவு அடுத்த பெரும் தொல்லை. 3 மில்லிமீட்டர் புள்ளியில் 0.3 மில்லிமீட்டர் அசைந்தாலே மூளையின் விளிம்பில் வரும் மாற்றம் 1 முதல் 3% வரையான போல்ட் மாற்றத்தை விழுங்கிவிடும். பணியோடு சேர்ந்தே தலை அசைந்தால், உதாரணமாக ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் அசைந்தால், பிற்பாடு திருத்துவது மிகக் கடினம். தலையைச் சுற்றிப் பஞ்சணை வைப்பதற்குச் செலவிடும் ஐந்து நிமிடம் வாரக்கணக்கான கணக்கு வேலையைக் காப்பாற்றும். இதயத் துடிப்பு இன்னொன்று. 2 வினாடிக்கு ஒரு படம் எடுத்தால் 0.25 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதைப் பிரித்தறிய முடியாது. 1 ஹெர்ட்ஸை ஒட்டிய துடிப்பு மடங்கி மெதுவான அலையாக வேஷம் போட்டு வரும். நாடியையும் மூச்சையும் தனியாகப் பதிந்து வைத்தால்தான் கழிக்க முடியும்.

சிரை வடிகால் இன்னொரு பொறி. ஆக்சிஜன் மிகுந்த இரத்தம் மூளையின் மேற்பரப்புச் சிரைகள் வழியாகச் சில மில்லிமீட்டர் தள்ளி ஓடுகிறது. மிகப் பிரகாசமான புள்ளியே நரம்பணுக்கள் வேலை செய்யும் இடம் என்று நம்பக் கூடாது.

நோயாளிகளிடம் இன்னும் கவனம் வேண்டும். மூளைக் கட்டிக்குப் பக்கத்திலும், கழுத்துத் தமனி அடைத்தவர்களிடமும் இரத்த நாளங்கள் விரிய முடியாமல் இருக்கலாம். நரம்பணு வேலை செய்தாலும் கூடுதல் இரத்தம் வராது, படம் வெறுமையாக இருக்கும். அறுவை சிகிச்சைக்கு முன்பு இதைத் தவறாகப் படித்தால் பேச்சுப் பகுதியையே வெட்டிவிட நேரலாம். நோயாளியை 15, 20 வினாடி மூச்சைப் பிடிக்கச் சொல்லி ஒரு ஸ்கேன் எடுங்கள். கார்பன் டை ஆக்சைடு ஏறி மூளை முழுக்க நாளங்கள் விரிய வேண்டும். எந்த இடத்தில் சமிக்ஞை மாறவில்லையோ அந்த இடத்தின் வெறுமையை நம்ப வேண்டாம். சுவாச வாயுவை மாற்றிப் பார்த்த ஒகாவாவின் எலிச் சோதனைக்கு இது நேரடி வாரிசு.

போல்ட் மெதுவானது என்பது எல்லோரும் சொல்லும் குறை. தூண்டலுக்குப் பிறகு 5, 6 வினாடியில்தான் உச்சம் தொடும், அடிமட்டத்துக்குக் கீழே போய்த் திரும்ப 20, 30 வினாடி ஆகும். ஒகாவா இதற்கும் ஒரு வழி பார்த்தார், 2000-இல் வெளியான அந்த வேலை போதிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து. எலியின் முன்பாதத்துக்கு இரண்டு மின் தூண்டல்களை அடுத்தடுத்துக் கொடுத்து, மூளை மின்பதிவையும் எஃப்எம்ஆர்ஐ-யையும் சேர்த்து எடுத்தார். முதல் தூண்டலுக்குப் பிறகு சில நூறு மில்லிவினாடிக்கு இரண்டாவதன் எதிர்வினை அமுங்கியது, இரண்டு அளவீட்டிலும். மனிதரின் பார்வைப் புறணியிலும் அமுக்கம் தெரிந்தது. ஆனால் இடைவெளி சுமார் 100 மில்லிவினாடிக்குக் கீழே போனதும் அமுக்கம் காணாமல் போனது. கண்ணிலிருந்து புறணிக்குச் சமிக்ஞை வந்து சேரும் நேரத்தை ஒட்டிய இடைவெளி அது. கடிகாரம் மெதுவாக இருந்தாலும், தூண்டல்களின் இடைவெளியை நீங்களே கட்டுப்படுத்தினால், எதிர்வினையின் அளவிலிருந்து மில்லிவினாடி நிகழ்வைப் படிக்கலாம்.

2001-இல் பெல் ஆய்வகத்தை விட்டு ஜப்பான் திரும்பி மூளை ஆராய்ச்சியைத் தொடர்ந்தார், பிறகு தென் கொரியாவின் கச்சோன் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 2003-இல் ஜப்பான் பரிசும் கெய்ர்ட்னர் விருதும் கிடைத்தன. அதே வருடம் எம்ஆர்ஐ-க்கான நோபல் பரிசு லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் போனது.

நீங்கள் படிக்க வேண்டியதைச் சொல்கிறேன். எம்.எஸ்சி. இயற்பியல் நல்ல அடித்தளம். அதன் மேல் பிளாக் சமன்பாடுகள் (காந்தமாக்கம் எப்படி மாறுகிறது என்பதைச் சொல்பவை), தளர்வு நேரங்கள், ஃபூரியர் உருமாற்றம், கே-வெளி (படமாக மாறும் முன் எம்ஆர்ஐ தரவு இருக்கும் வெளி) ஆகியவற்றைக் கையால் எழுதிப் போடும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். இரத்த ஓட்ட உடலியலைத் தள்ளிப்போடாதீர்கள், இயற்பியலிலிருந்து வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். புள்ளியியலும் பைத்தானும் வேண்டும். ஆயிரக்கணக்கான புள்ளிகளில் ஒரே நேரத்தில் சோதனை செய்யும்போது தற்செயலாக ஒளிரும் புள்ளிகளை எப்படிக் கழிப்பது என்பதை முதல் வருடத்திலேயே புரிந்துகொள்ளுங்கள்.

ஸ்கேனர் கைக்கு வருவதற்கு முன்பே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று இருக்கிறது. 'ஓப்பன்நியூரோ' தளத்தில் ஒரே தூண்டலுக்கு மூன்று, நான்கு எக்கோ நேரங்களில் எடுத்த தரவுகள் இலவசமாகக் கிடைக்கும். ஒரு பார்வைப் புறணிப் புள்ளியை எடுத்து, ஒவ்வொரு எக்கோ நேரத்திலும் சமிக்ஞை எத்தனை சதவீதம் மாறியது என்று வரைபடம் போடுங்கள். பூஜ்யத்திலிருந்து கிளம்பி நேர்கோடாக ஏறினால் அது இரத்த ஆக்சிஜன். எக்கோ நேரம் எதுவானாலும் ஒரே உயரத்தில் கிடைமட்டமாகக் கிடந்தால் தலை அசைந்திருக்கிறது, அல்லது புது இரத்தம் தளத்துக்குள் பாய்ந்திருக்கிறது. 'டெடானா' என்ற மென்பொருள் இதே சோதனையை முழு மூளைக்கும் தானாகச் செய்யும். முதல் பத்துப் புள்ளிகளையாவது நீங்களே போட்டுப் பாருங்கள்.